தம்புராவுக்குப் பிடிக்காத கார்டு

சிவாஜிநகர் கடைக்காரர் என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்த கார்டைப் பிடித்தார். ஒரே ஒரு முறை மீட்டினார். கடையில் நின்றிருந்த கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நன்றாக இருந்தது.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

“இன்னொரு தடவை போடுங்க பாய்” என்றேன். போட்டார். இன்னும் நன்றாக இருந்தது.

“கிட்டார்ல ஒரு கோளாறும் இல்ல சார். தந்தியும் புதுசு. போன வாரம் நான்தானே மாத்துனேன்?”

“வீட்டுக்குப் போனா அழுவுது பாய். இந்த ஒரு கார்டு மட்டும்.”

“வீட்ல வேற என்ன இருக்கு சார்?”

“ஃபேன் இருக்கு, மிக்ஸி இருக்கு, சம்சாரம் இருக்கா.”

அவர் சிரித்துக்கொண்டே கிட்டாரை உறையில் போட்டு என் தோளில் மாட்டிவிட்டார்.

நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறவன். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. பிழையைக் காட்டினால், எழுதியவர்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. “என் சிஸ்டத்துல நல்லாத்தானே ஓடுது சார்?” அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு ஒரு கிட்டார் கடைக்காரர் அதையே என்னிடம் சொல்லாமல் சொல்லி அனுப்பிவிட்டார். கூட்ட நெரிசலில் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சரளி வரிசையில் இருந்த மூவர்

கார்டு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மூன்று ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டால் அது கார்டு. ஸ, க, ப மூன்றையும் சேர்த்து மீட்டினால், வயிறாரச் சாப்பிட்டு எழுந்த திருப்தி வரும். அதில் பஞ்சமத்தை மட்டும் ஒரு படி மேலே தள்ளி சுத்த தைவதம் ஆக்கிவிட்டால், அதற்குப் பெயர் ஆக்மென்டட் கார்டு. திருப்தி போய்விடும். என்னமோ பாக்கி இருக்கிறதே என்று காது தேட ஆரம்பித்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று ஸ்வரங்களும் எனக்குப் புதிதே இல்லை. வேலூரில் அப்பா என்னைப் பத்து வருடம் வயலின் வகுப்புக்கு அனுப்பினார். அவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் ஒருவனாவது மேடையில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாரையும் போல முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில்தான். ஸவும் அந்தர காந்தாரமும் சுத்த தைவதமும் அதிலேயே இருக்கின்றன. எட்டு வயதிலிருந்து பழகியவர்கள். ஒவ்வொருவராக வந்தால் சொந்தக்காரர்கள். மூன்று பேரும் ஒன்றாக வாசலில் வந்து நின்றால் ரௌடிகள்.

வயலினை வேலைக்கு வந்த புதிதில் விட்டுவிட்டேன். கிட்டாரைத் தொட்டது நாற்பதைத் தாண்டிய பிறகு, போனில் வீடியோ பார்த்து. காரணம் பேராசைதான். வயலினில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் வாசித்துப் பழகியவனுக்கு, ஒரே இழுப்பில் இத்தனை ஸ்வரம் வருகிறதே என்று வாய் ஊறியது.

பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தன்

சரி, இந்தக் கார்டு எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்று சொல்லவில்லையே.

எனக்கு ஒரே தங்கை, பவானி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நினைத்தாளா என்று கேட்டுக்கொண்டதில்லை. கிரண் என்ற கன்னடக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக ஒருநாள் போனில் சொன்னாள். வேறு ஜாதி, வேறு பாஷை என்று ஆரம்பித்தவன், கடைசியில் ஒன்று சொன்னேன்.

“நல்ல வேளை, இதைப் பாக்காம அம்மா போய்ச் சேந்தா.”

போனை வைத்துவிட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் பேச்சு இல்லை. அந்த வார்த்தையை இங்கே எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஜிபுரா வீட்டில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். வணக்கமும் இல்லை, நலமும் இல்லை.

“அண்ணா, எனக்கு ஒன்பதாம் மாசம். வளைகாப்பு வெச்சிருக்கோம். அது பிறந்த வீடு செய்யவேண்டியது. வளையல் வாங்கிட்டு வரேன்னு அண்ணி சொல்லிட்டாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி மஞ்சுவைப் பார்த்தேன். என் மனைவி குக்கர் மூடியை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இவர்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

“நீ கிட்டார் கத்துக்கறியாமே?” என்றாள் பவானி.

“ஏதோ. ஏழெட்டு கார்டு தெரியும்.”

“அவரு ஒரு பாட்டு எழுதியிருக்காரு. எனக்காகத் தமிழ்லயே எழுதியிருக்காரு. தானே வாசிச்சுப் பாடறதா இருந்தது. பேட்மின்டன் ஆடப் போயி இடது மணிக்கட்டை ஒடச்சுக்கிட்டு வந்து நிக்கறாரு. வாசிக்க அவரு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. ஆனா எனக்குப் பிறந்த வீட்லருந்து ஒருத்தன் வாசிக்கணும். முடியுமா, முடியாதா?”

“முடியும்” என்றேன். முடியாது என்று சொன்னால் அவ்வளவுதான், அடுத்த போன் வராது என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

சாயங்காலம் பாட்டு வந்தது. எளிமையான பாட்டு. வரிகளுக்கு மேலே கார்டுகளின் பெயர்கள். நாலாவது வரி, “யாரு வீட்டுப் பிள்ளை நீ?” அந்த ‘நீ’யின் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது ஸி ஆக்மென்டட்.

நான் செய்த பிழை திருத்தம்

சாதாரண ஸி கார்டில் ஆள்காட்டி விரல் ஒரு தந்தியை மட்டும் அழுத்தும். பக்கத்துத் தந்தி சும்மா திறந்திருக்கும், பஞ்சமம் அதில்தான். ஆக்மென்டடுக்கு அந்த விரலையே சாய்த்து இரண்டு தந்தியையும் அழுத்த வேண்டும். படத்தைப் பார்த்தால் சுலபம். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அழுத்தினேன். விரல் நுனியில் கோடு விழுந்தது. கார்டு விழவில்லை.

விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்க முடியவில்லை. கரகரவென்று ஒரு சண்டை. மற்ற கார்டுகளெல்லாம் சமர்த்தாக இருந்தன. இது ஒன்று மட்டும் அழுதது. தந்தி மாற்றினேன், சுருதி சேர்க்கும் முறையை மாற்றினேன், உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றினேன். அப்புறம்தான் மேலே சொன்ன சிவாஜிநகர் யாத்திரை. அங்கே தேன், இங்கே கஷாயம்.

வளைகாப்புக்கு ஐந்தாறு நாள்தான் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. புத்திசாலித்தனமான யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். கார்டில் தப்பில்லை, விரலில் தப்பில்லை. அப்படியானால் பாட்டு எழுதினவர்தானே தப்பு? அந்த இடத்தில் சாதாரண ஸி கார்டையே போட்டு வாசித்தேன். வழவழவென்று போனது. பதிவு செய்து பவானிக்கு அனுப்பிவிட்டு ஆபீஸ் போனேன்.

கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குரல் செய்தி வந்தது.

“நாலாவது வரிய மாத்தியிருக்க. ஏன்னு கேட்டா அது சரியில்லன்னு சொல்லுவ. உனக்குப் பிடிக்காததையெல்லாம் எடுத்துட்டா அப்புறம் என் வீட்ல என்னண்ணா மிச்சம் இருக்கும்? வேணாம். நீ வாசிக்க வேணாம். அண்ணி மட்டும் வரட்டும்.”

சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து மஞ்சுவிடம் போட்டுக்காட்டினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள்.

“அந்தக் கார்டு நல்லாவே இல்ல மஞ்சு. நீயும் கேட்டியே.”

“கேட்டேன். எழுதனவரு உசுரோடதானே இருக்காரு? போயி அவரையே கேக்கறதுக்கு என்ன? கவுரவம் கொறஞ்சுடுமா?”

குறைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் கிட்டாரோடு போனேன்.

மாவுக்கட்டு வாத்தியார்

பவானியின் அபார்ட்மென்ட் என் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். இரண்டு வருடமாகப் பத்து நிமிடத் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். ஆட்டோவில் உட்கார்ந்து அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கிட்டார் உறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கிரண்தான் கதவைத் திறந்தார். முப்பது வயசு இருக்கும். உயரம், கண்ணாடி, முழங்கை வரை மாவுக்கட்டு. “வாங்க பாவா” என்றார். கன்னட வீட்டில் மனைவியின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள்கூட மச்சானாக இருந்திராத எனக்கு அந்த வார்த்தை கூசியது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

“கார்டு எனக்குப் பிடிபடல மாப்பிள்ளை” என்றேன். சொல்லிவிட்டேன். தலை ஒன்றும் போய்விடவில்லை.

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். பாவம், கார்டு பிடிக்கும் கை மாவுக்கட்டில் கிடக்கிறது. செய்துகாட்ட முடியாது. எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும். அதுவும் அவருடைய தமிழில்.

“ஒந்து பெரளு, எரடு தந்தி. அஷ்டே. அழுத்தாதீங்க பாவா, ஸ்வல்பம் சாய்ச்சு படுக்க வெச்சுடுங்க.” ஒரே விரல், இரண்டு தந்தி, அவ்வளவுதான் என்கிறார் என்று புரிந்தது.

கிட்டாரை எடுத்தேன். வழக்கம்போல போனை மேஜையில் வைத்து, தம்புரா ஆப்பைப் போட்டேன். வயலின் காலத்துப் பழக்கம். சுருதி ஓடாமல் நான் எந்தக் கருவியையும் தொட்டதே இல்லை. செருப்போடு பூஜை அறைக்குள் போவதுபோல் இருக்கும். கார்டைப் பிடித்தேன். அழுதது.

கிரண் தலையைச் சாய்த்துக் கேட்டார். “பின்னாடி அது ஏனு பாவா?”

“தம்புரா. சுருதிக்கு.”

“எப்பவும் போடுவீங்களா?”

“எப்பவும்.”

“ஷாப்ல போட்டீங்களா? பவானி சொன்னா, சிவாஜிநகர்ல நல்லா கேட்டுதுன்னு.” மஞ்சு எதையும் விட்டு வைக்கவில்லை போல.

“ஷாப்ல எதுக்கு...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினேன். அட கடவுளே!

அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்கு அடக்கிக்கொண்டு கேட்டார். “தம்புரா என்ன சொல்லுது?”

“ப, ஸ, ஸ.”

“நீங்க பஞ்சமத்தை மேல தூக்கிட்டீங்க. அது விடாம ‘பஞ்சமம் இங்கதான் இருக்கு, இங்கதான் இருக்கு’ன்னு சொல்லிட்டே இருக்கு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரம். சண்டை போடாம என்ன பண்ணும்?”

நல்ல கையை நீட்டி ஆப்பை நிறுத்தினார்.

வீட்டில் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் தனியாகக் கருவியைத் தொட எனக்குப் பயமாகவே இருந்தது. விரலைச் சாய்த்து மீட்டினேன். ஐயோ, எவ்வளவு அழகு! கடைக்காரர் கையில் கேட்ட அதே கார்டு என் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று ஸ்வரமும் ஒன்றையொன்று தள்ளாமல், எங்கும் போகாமல், எங்கோ போகப்போவதுபோல நின்றன. இருபது நாளாக ஒரு தம்புராவைக் காதில் வைத்துக்கொண்டு கார்டைத் திட்டியிருக்கிறேன். பிழை தேடும் உத்தியோகம் வேறு!

எனக்குள் இருந்த வயலின்காரன் விடவில்லை. “இதுல ஸ எது மாப்பிள்ளை?”

“நீங்களே பாருங்க. வெளியில இருக்கற தந்திங்களை விட்டுடுங்க, நடுவுல இருக்கற நாலு மட்டும். அதே பிடியை நாலு கட்டம் மேல தள்ளுங்க.”

தள்ளினேன். கிட்டார் கழுத்தில் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வர ஸ்தானம். மீட்டிவிட்டு என்னென்ன ஸ்வரம் என்று எண்ணினேன். அதே மூன்று ஸ்வரங்கள்! வரிசை மட்டும் மாறியிருந்தது. இன்னும் நாலு கட்டம் தள்ளினேன். மறுபடியும் அதே மூவர். நம் சங்கீதத்தில் கிரக பேதம் என்று ஒன்று உண்டு. ஸவை வேறு ஸ்வரத்துக்கு மாற்றினால் ராகமே மாறிவிடும். இங்கே ஸவை யாரிடம் கொடுத்தாலும் ஒன்றும் மாறவில்லை. மூன்றும் சம தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு ஸ்தானங்களையும் எழுதிக் கூட்டம் பிரித்துப் பார்த்தேன். உலகத்தில் மொத்தமே நாலு ஆக்மென்டட் கார்டுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதே ஆட்கள், வேறு பெயர். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் எழுந்து குதிக்கலாம் போலிருக்கும். மானம் கருதி உட்கார்ந்திருந்தேன்.

“அப்போ யாரு வேணா ஸ?”

“யாரு வேணா. அடுத்த கார்டு வந்து சொல்ற வரைக்கும் தெரியாது பாவா. அதான் அந்த வரியில போட்டேன். அது கேள்வி கேக்கற இடம். நீங்க சாதா கார்டு போட்டீங்க இல்ல, அப்போ கேள்வியே இல்லாமப் போச்சு. எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்தது.”

மெதுவாகத்தான் சொன்னார். குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் நன்றாகக் குத்தியது.

நாலாவது வரியையும் ஐந்தாவது வரியையும் சேர்த்து வாசித்தேன். ஸி, ஆக்மென்டட், எஃப். ஒரே தந்தியில் பஞ்சமம் சுத்த தைவதமாகி, அது சதுஸ்ருதி தைவதமாகி, படி ஏறுகிற மாதிரி மேலே போகிறது. திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனாவது தடவையோ தெரியாது, படுக்கையறைக் கதவு திறந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பவானி நின்றாள். முகம் உப்பியிருந்தது. அம்மா ஜாடை அதிகமாகியிருந்தது.

“இப்ப சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ‘நீ’யில் நின்றுபோனேன்

வளைகாப்பு அவர்கள் வீட்டிலேயே நடந்தது. மஞ்சுவும் நானும் சிவாஜிநகரில் வாங்கிய பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களை, பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் போட்டார்கள். கிரணின் அம்மா முதலில் மஞ்சுவைக் கூப்பிட்டு, “பிறந்த மனை மொதலு” என்று வளையலை அவள் கையில் கொடுத்தார்.

கடைசியில் பாட்டு. தம்புரா இல்லை. போன் மஞ்சுவின் கைப்பையில். கிரண் பாட ஆரம்பித்தார். சுமாரான குரல்தான், ஆனால் மனசோடு பாடினார். முதல் மூன்று வரி நன்றாகவே போனது. “யாரு வீட்டுப் பிள்ளை நீ?” விரலைச் சாய்த்தேன். ஆக்மென்டட் அருமையாக விழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் பார்த்ததுதான் வினை. எனக்கு எஃப் மறந்துவிட்டது. மறுபடி அதே கார்டை மீட்டினேன். இன்னொரு தடவை. கிரண் எனக்காகப் பாட்டை நிறுத்திக் காத்திருந்தார். கேள்வி மட்டும் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“ரெண்டு வீட்டுப் பிள்ளை நான்.”

பாடியது பவானி. நாற்காலியில் உட்கார்ந்தபடி, கை நிறைய வளையலோடு, என்னைப் பார்க்காமல். சின்ன வயதில் வேலூர் வீட்டில் நான் வயலின் வாசிக்க அவள் பாடுவாள். நான் தடுமாறினால் அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பாள். அந்தத் தைவதத்தில் அவள் குரல் வந்து நின்றதும், என் விரல்கள் யாரையும் கேட்காமல் எஃபுக்குப் போய்விட்டன. மீதிப் பாட்டை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். நான் வாசித்தேன்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பவானி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அன்னிக்கு அம்மாவைப் பத்தி போன்ல சொன்னேனே...” என்றேன்.

அவள் உதவிக்கு வரவில்லை. நானே முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“தப்பு பவானி. பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு.”

“எனக்கு இன்னும் கோவம் போகலண்ணா.”

“தெரியும்.”

“சீக்கிரம் போகவும் போகாது.”

“சரிம்மா.”

கொஞ்ச நேரம் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள். “வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணை எங்க கூட்டிட்டுப் போவாங்க?”

பிறந்த வீட்டுக்குத்தான். பிரசவம் அங்கேதான். ஊருக்கே தெரிந்த வழக்கம். வா என்று கூப்பிட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று நானாக முடிவு செய்து, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

“நம்ம வீடு ரெண்டாவது மாடிம்மா. லிஃப்ட் கிடையாது” என்று உளறினேன்.

“அண்ணி சொன்னாங்க. டாக்டரையும் கேட்டாச்சு. மெதுவா ஏறிக்கறேன். நீ கேப் புக் பண்ணு.”

போனுக்காக மஞ்சுவைத் தேடினேன். அவள் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மற்றக் கையில் பவானியின் பெட்டியைப் பிடித்தபடி, மாப்பிள்ளை லிஃப்டுக்காக நின்றிருந்தார்.